கைப்பேசியும் கருத்தொருமையும்



உயிரின் இயல்பு யாது என்னும் வினாவிற்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. உயிர் தனித்து நில்லாது; எதனைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தானும் பெறும் என்பது அவ்விடை. படிகக் கல்லைச் செம்மலரின் அருகே வைத்தால் சிவந்து தோன்றும். நீல மலரின் அருகே வைத்தால் நீலமாய்த் தோன்றும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த ஆசிரியர்கள் இவ்வுவமையை எடுத்தாண்டு, பாசத்தைச் சார்ந்த உயிர் பாசத்தில் அழுந்தும், பதியைச் சார்ந்த உயிர் பதியின் இன்பத்தில் திளைக்கும் என விளக்குவர்.

அங்ஙனமாயின் நாம் ஒவ்வொருவரும் நம்மை வினவிக்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. நாள் முழுதும் நம் உயிர் எதனைச் சார்ந்து நிற்கிறது? காலையில் கண் விழித்தவுடன் கை முதலில் எதனைத் தேடுகிறது? இரவில் விளக்கை அணைத்த பின்னரும் எதன் ஒளி நம் முகத்தில் விழுகிறது? உண்ணும்போதும், பேருந்தில் செல்லும்போதும், பெற்றோர் பேசும்போதும், ஏன், தீபாராதனைக்காகத் திரை விலகக் காத்து நிற்கும்போதும் நாம் குனிந்து நோக்குவது யாது? உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியே அன்றோ! அதனையும் அதன் வழியே வரும் முகநூல், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்களையும் ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும், எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே சிந்திப்போம்.

கருவி பகையன்று

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கைப்பேசியைத் தீயது என்று ஒதுக்குதல் நம் கருத்தன்று. கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைத் தாய் நாள்தோறும் காண்பது அதனால்தான். பலருடைய தொழிலும் வரவு செலவும் மருத்துவ உதவியும் இன்று அதனை ஒட்டியே நடைபெறுகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் கோயில்கள் அடியார்க்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் மே மாதம் 4-ஆம் நாள் அடியார் திரளின்றி சில சிவாசாரியர்களோடு எளிமையாக நடந்தேறியது. அதனை இலட்சக்கணக்கான அன்பர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே இணைய வழியிலும் தொலைக்காட்சி வழியிலும் கண்டு வணங்கினர். அன்று அக்கருவி செய்த தொண்டு மறக்கற்பாலது அன்று.

கத்தி காய் நறுக்கவும் உதவும், கையையும் அறுக்கும். ஆனால் கத்தி ஒருபோதும் தானே நம்மை அழைப்பதில்லை. மூலையில் கிடந்தால் கிடந்தபடியே கிடக்கும். கைப்பேசியோ நம்மை அழைக்கிறது, ஒலிக்கிறது, அதிர்கிறது, ஒளிர்கிறது. கருவியை நாம் ஆளுகிறோமா, கருவி நம்மை ஆளுகிறதா என்ற ஐயம் பிறப்பது இவ்விடத்தில்தான்.

கவரும் அமைப்பு

இக்கருவி நம்மை இத்துணை வலிமையாகப் பற்றியது எவ்வாறு? விரலால் தொட்டு இயக்கும் ஐபோன் 2007 சனவரியில் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. சிற்றூரில் வாழும் எளியவர் கையிலும் இணையம் வந்து சேர்ந்தது. இவை புறக்காரணங்கள். அகக்காரணம் வேறு.

சமூக ஊடகங்கள் நம்மிடம் கட்டணம் பெறுவதில்லை. எனினும் அவற்றை நடத்தும் நிறுவனங்கள் பெருஞ்செல்வம் ஈட்டுகின்றன. அச்செல்வத்தின் பெரும்பகுதி விளம்பரங்களால் வருவது. நாம் எவ்வளவு நேரம் திரையை நோக்குகிறோமோ அவ்வளவு விளம்பரம் நம் கண்ணில் படும். அவ்வளவு பொருள் அவர்க்குச் சேரும். ஆகவே அங்கே விற்கப்படும் பண்டம் நம்முடைய நோக்கு, நம்முடைய கருத்து. பின்னர் 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர், செய்தி பெருகப் பெருக அதனை ஏற்கும் மனிதக் கருத்து அருகும் என்பதை 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அருகிய பொருளுக்கு விலை ஏறுதல் உலக வழக்கு. நம் கருத்துக்கு விலை ஏறியது. அதனைக் கவரும் கலையும் வளர்ந்தது.

அக்கலையின் நுட்பங்களுள் சிலவற்றைக் காண்போம். நூலைப் படிக்கும்போது பக்கம் முடிகிறது; இயல் முடிகிறது; மூடி வைக்கிறோம். அம்முடிவே, போதும் என்று நமக்கு உணர்த்தும் அறிகுறி. 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்பவர், திரையைத் தள்ளத் தள்ள முடிவின்றிப் புதியன வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை உருவாக்கினார். போதும் என்னும் அறிகுறி அன்றே மறைந்தது. அதனால் விளைந்த கேட்டைக் கண்டு அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். 2009-இல் முகநூலில் விருப்பக் குறி புகுந்தது. நாம் இட்ட படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணிப் பார்க்கும் ஆவல் உடன் பிறந்தது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில், செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் குறி வந்தது. படித்தும் விடை தரவில்லையே என்னும் மனத்தாங்கல் குடும்பங்களுக்குள் நுழைந்தது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் உளவியல் உண்மை உள்ளது. ஸ்கின்னர் என்னும் உளநூலார் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். அவரும் பெர்ஸ்டர் என்பவரும் அவற்றின் முடிவுகளை 1957-இல் நூலாக வெளியிட்டனர். குறித்த எண்ணிக்கையில் கொத்தினால் இரை கிடைக்கும் என்றால் புறா இரை பெற்றதும் சற்றே இளைப்பாறும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி சில வேளை கிடைத்தும் சில வேளை கிடையாமலும் இருக்குமாயின், அது இடையறாது கொத்திக்கொண்டே இருக்கும். இரை நின்ற பின்னும் நெடுநேரம் ஓயாது. சூதாட்டப் பொறியின் கவர்ச்சி இதுவே. பத்து முறை கைப்பேசியைத் திறக்கிறோம். ஒன்பது முறை பயனுள்ளது ஒன்றுமில்லை. பத்தாம் முறை மகிழ்ச்சி தருவது ஒன்று வருகிறது. அவ்வொன்றின் பொருட்டு மறுநாளும் கை தானே நீள்கிறது. முகநூலின் முதல் தலைவராயிருந்த சான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கருத்தையும் இயன்ற அளவு எடுத்துக்கொள்வது எவ்வாறு என்பதே தொடக்கத்தில் தம் குழுவினர் எண்ணமாக இருந்தது என 2017-இல் ஒப்புக்கொண்டார்.

ஆதலின், குறைக்க எண்ணியும் இயலவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் தம்மை மனவலிமையற்றவர் என இகழ்ந்துகொள்ள வேண்டுவதில்லை. எதிரே இருப்பது எளியதொரு பொருளன்று. பல்லாயிரம் அறிவாளர் கூடிச் செய்த வலை.

இழப்பு யாது?

நேரம் போகிறது என்பது எல்லாரும் அறிந்த இழப்பு. அதனினும் பெரிய இழப்பு மனம் சிதறுதல். ஒரு பணியினின்று மற்றொன்றுக்குத் தாவுங்கால் மனத்தின் ஒரு கூறு பழைய பணியிலேயே எஞ்சி நிற்கிறது என்று சோபி லிராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் எழுதினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக் குளோரியா மார்க் என்னும் பேராசிரியர், கணினியின்முன் பணிசெய்வோர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைத்து நோக்குகின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் அளந்தார். 2004-இல் ஏறத்தாழ இரண்டரை நிமிடமாக இருந்தது, அண்மை ஆண்டுகளில் சராசரி 47 நொடியாகக் குறைந்தது என்பது அவர் கண்டது. 47 நொடியில் ஒரு பதிகத்தின் ஓரிரு பாடல்களையேனும் நாம் பொருள் உணர்ந்து ஓதி முடிப்போமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை ஒன்று, கைப்பேசி ஒலியடக்கப்பட்டு மேசைமேல் வாளா கிடந்தாலும் அருகிலிருப்போரின் கருத்தாற்றலில் ஒரு பகுதியை அது ஈர்த்துக்கொள்கிறது என்று கண்டது. கைப்பேசியை வேறு அறையில் வைத்து வந்தவர்களே மேம்பட்டு விளங்கினர். பின்னர்ச் செய்யப்பட்ட சோதனைகள் யாவும் இதனோடு ஒத்திருக்கவில்லை. எனினும் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வழிபாட்டில் அமர்ந்தவர், அஃது அதிர்ந்ததோ என்று இடையிடையே ஐயுற்றதை நினைவுகூர்ந்தால் இவ்வுண்மை ஓரளவு விளங்கும்.

இவ்விழப்பு நம்மோடு நிற்பதில்லை. பள்ளியிலிருந்து ஓடிவரும் குழந்தை தான் வரைந்த ஓவியத்தைக் காட்டுகிறது; தாய் திரையினின்று கண்ணெடுக்காமலே “நன்றாயிருக்கிறது கண்ணே” என்கிறாள். குழந்தை அறியாதென்று எண்ணற்க. கண் தன்மேல் விழவில்லை என்பதை அஃது அறியும். முதிய தந்தையார் தம் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். மகன் “உம்” கொட்டுகிறான். அவர் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். மறுநாள் சொல்லத் தொடங்குவதே இல்லை. ஒருவர்க்கு நாம் தரக்கூடியவற்றுள் பொருளைப் பின்னரும் தரலாம். அவர் பேசும் அந்நேரத்துக் கருத்தை அந்நேரத்தில் மட்டுமே தர இயலும்.

சிதறிய கருத்து உயிரைப் பறித்ததும் உண்டு. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்னும் பொய்ச் செய்தி வட தமிழகத்தில் வாட்ஸ்அப் வழியே கைக்குக் கை பரவியது. அந்நாளில் குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதிக்குச் சென்ற குடும்பத்தினர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். அவர்களைப் பிள்ளை பிடிப்போர் எனக் கருதி ஊரார் தாக்கினர். மூதாட்டி ஒருவர் உயிர் நீத்தார். தெய்வத்தைத் தொழச் சென்றவர், அன்பால் குழந்தைக்கு இனிப்பு ஈந்தவர், அவ்வன்பினாலேயே மாண்டார். அப்பொய்யை அனுப்பியோருள் பெரும்பாலோர் கொடியவர் அல்லர், நம்மைப் போன்றோரே. படித்தனர், பதறினர், மெய்யோ பொய்யோ என ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பினர். அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு கட்டியது. அனுப்புவோர் மனத்திலும் அத்தகைய வரம்பு ஒன்று வேண்டுமன்றோ?

பூசலார் காட்டும் நெறி

ஒருமுகப்பட்ட கருத்தின் ஆற்றல் எத்தகையது என்பதற்குப் பெரிய புராணம் காட்டும் சான்று திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். இறைவனுக்குக் கோயில் எடுக்க விழைந்தார், பொருள் இல்லை. மனத்தினுள்ளேயே பொருள் திரட்டினார், கல்லும் மரமும் கொணர்ந்தார், தச்சரைத் தேடினார், நன்னாளில் கடைக்கால் இட்டார். இரவும் துயிலாது, அடித்தளம் முதல் சிகரம் ஈறாக ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிறழாமல் எண்ணத்தால் எழுப்பினார். கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இறைவனை எழுந்தருளுவிக்க நாளும் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சியில் தான் எடுத்த கற்றளியில் இறைவனை எழுந்தருளுவிக்க எண்ணியிருந்தான் காடவர்கோன். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் எடுத்த கோயிலுக்கு நாம் நாளை செல்கின்றோம். நீ வேறு நாள் குறிப்பாய் எனப் பணித்தான். மன்னன் நின்றவூர் வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று வினவி, அஃது அவருடைய உள்ளத்தில் உள்ளது என அறிந்து வியந்து வணங்கினான்.

அன்பர்களே, இவ்வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று வேறொரு கோணத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரு கல்லை மனத்தில் வைத்து, அது கலையாமல், அதன்மேல் மறுகல்லை வைக்க எத்துணை நிலைத்த மனம் வேண்டும்! நம்மால் ஒரு சுவரின் பாதியேனும் எழுப்ப இயலுமா? மூன்றாம் கல்லை எடுப்பதற்குள் கைப்பேசி ஒலிக்கும், எழுப்பியது சரியும். இறைவன் எழுந்தருள விரும்பிய இடத்தை நாம் விளம்பரதாரர்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இழப்பு அதுவே.

அமைப்பை அமைப்பால் வெல்லுதல்

மனம் சிதறும் இயல்பினது என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். ஆகவேதான் ‘மனத்தை அடக்கு’ என்று சொல்லி நிறுத்தாமல், அதனை அடக்குவதற்குரிய அமைப்பையும் நிறுவினர். கோயிலைப் பாருங்கள். காலணியை வெளியே விடுகிறோம். கோபுரவாயில் கடந்ததும் கடைத்தெருவின் ஓசை குறைகிறது. பலிபீடத்தின்முன் நம் செருக்கை வைத்து, கொடிமரத்தின்முன் வீழ்ந்து வணங்கி, நந்தியைக் கடந்து உள்ளே செல்லச் செல்ல, வெளிச்சம் குறைகிறது, இடம் சுருங்குகிறது, கருவறையில் ஒரு விளக்கு, அதன் ஒளியில் ஒரு திருமேனி. கண்ணுக்கு வேறு நோக்கிடம் இல்லை. பல பொருளிலிருந்து ஒரு பொருளுக்கு மனத்தைப் படிப்படியாகக் கொண்டுசெல்லும் அமைப்பு அது. கைப்பேசியோ ஒரு பொருளிலிருந்து பல பொருளுக்கு இழுத்துச் செல்லும் அமைப்பு. இரண்டையும் ஒரே வேளையில் சார்தல் இயலாது. கோயில்களின் தூய்மையையும் மாட்சியையும் காக்கும் பொருட்டு, தமிழகத் திருக்கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில், திருச்செந்தூர்த் திருக்கோயில் தொடர்பான வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018-ஆம் ஆண்டிலேயே இத்தடை நடைமுறைக்கு வந்தது.

வாயிலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்பவர், முதல் பிராகாரம் சுற்றும்வரை கை வெறுமையாயிருப்பதாக உணர்வார். இரண்டாம் சுற்றில் தூணில் உள்ள சிற்பம் கண்ணில் படும். ஓதுவார் பாடும் பண் செவியில் விழும். அவரது மனவலிமை அரை மணியில் பெருகிவிடவில்லை. கருவி தொலைவில் உள்ளது, அவ்வளவே. இதிலிருந்து நாம் கற்பது யாதெனின், கவரும் அமைப்பை மன உறுதி ஒன்றினால் மட்டும் வெல்ல முயலாது, காக்கும் அமைப்பினால் வெல்ல வேண்டும் என்பதே.

குறைத்தற்குரிய வழிகள்

அவ்வமைப்பை இல்லத்திலும் நிறுவலாம். முதலாவது, அளத்தல். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எச்செயலியில் செல்கிறது என்பதைக் காட்டும் கணக்கு 2018 முதல் கைப்பேசிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு வாரம் ஒன்றையும் மாற்றாமல் அக்கணக்கை மட்டும் பாருங்கள். நோயின் அளவறியாமல் மருந்தில்லை.

இரண்டாவது, அழைப்பை நிறுத்துதல். மனிதர் பேச அழைக்கும் ஒலி இருக்கட்டும். செயலிகள் தாமே அனுப்பும் அறிவிப்புகளை அமைப்புப் பகுதிக்குச் சென்று நிறுத்திவிடுக. குழுக்களின் ஒலியை அடக்குக. இனி நாம் வேண்டும்போது அதனிடம் செல்வோம். அது வேண்டும்போது நம்மை அழைக்காது.

மூன்றாவது, இடம் வகுத்தல். பூசையறை, உணவுக்கூடம், படுக்கையறை ஆகிய மூன்றிலும் கைப்பேசி நுழையாதிருத்தல் நலம். மின்னேற்றம் செய்யும் இடத்தைக் கூடத்திலோ வாயிலறையிலோ அமைத்து, இரவில் அனைவருடைய கைப்பேசிகளையும் அங்கேயே உறங்கவிடுக. “விழிப்பதற்கு மணி வேண்டுமே” என்பார், எளிய கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்க. நோயாளரும் முதியோரும் உள்ள வீட்டில் அழைப்பொலி கேட்கும் தொலைவில் வைத்தால் போதும்.

நான்காவது, காலம் வகுத்தல். கோயிலுக்கு ஆறு காலப் பூசை போல, சமூக ஊடகத்திற்கும் நாளில் இரு வேளை குறித்து, ஒவ்வொன்றும் அரை மணி எனக் கொள்க. எழுந்த முதல் ஒரு மணியும் உறங்குமுன் ஒரு மணியும் அதற்கு இல்லை என்பது உறுதியாகட்டும். மிகுதியாக ஈர்க்கும் செயலியை நீக்கிவிட்டு, வேண்டும்போது மட்டும் உலவி வழியே திறந்து காண்பதும் ஒரு வழி. திறப்பதில் உள்ள சிறு தொல்லையே காவலாகும்.

ஐந்தாவது, வெறுமையை நிரப்புதல். கைப்பேசியை வைத்த கை சும்மா இராது. அந்நேரத்திற்கென ஒன்றை முன்னரே வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு பதிகத்தை மனனம் செய்தல், அண்டை வீட்டாரோடு மாலை உலா, மலர் தொடுத்தல், திருக்கோயில் உழவாரப்பணி என அவரவர்க்கு இயைந்தது.

ஆறாவது, மூத்தோர் முதலில் தொடங்குதல். இளையோரைக் கடிந்துகொள்ளும் நாமே விடியுமுன் ஐம்பது பேருக்கு வாழ்த்துப் படங்களை அனுப்புகிறோம். இறைவன் திருவுருவப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை வரும் என்பதை நம்பி அனுப்புவோரும் நம்முள் உளர். தந்தை கீழே வைத்தால் மகன் வைப்பான். சொல்லால் ஆகாதது செயலால் ஆகும்.

இவ்வாறு குறைத்தலால் பயனுண்டா என வினவுவார்க்கு ஒரு சான்று. 2018-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சிலர், பயன்படுத்துவோர் ஒரு பகுதியினர்க்குப் பொருள் கொடுத்து நான்கு வாரம் முகநூலை நிறுத்திவைக்கச் செய்தனர். முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் அவர்களுக்கு மீண்டது. குடும்பத்தாரோடும் நண்பரோடும் கழிக்கும் நேரம் கூடியது. மனநலம் சிறிதளவு மேம்பட்டது. நாட்டுச் செய்திகளை அறிவது சற்றுக் குறைந்தது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். அவற்றினும் கருதத்தக்கது, நான்கு வாரம் கழிந்து தடை நீங்கிய பின்னரும் அவர்கள் முன்போல் மிகுதியாகப் பயன்படுத்தவில்லை என்பது. சிறிது காலம் விலகி நின்றவர்க்கே, தாம் சார்ந்திருந்தது எதனை என்பது புலனாகிறது.

திருமூலர் விரித்துரைத்த எட்டுறுப்பு யோகத்தில், புலன்களைப் பொருள்களினின்று மீட்கும் பிரத்தியாகாரம் ஐந்தாவது. மனத்தை ஒன்றில் நிறுத்தும் தாரணை ஆறாவது. மீட்டல் முன்னும் நிறுத்தல் பின்னுமாக வைத்த முறை நோக்கற்பாலது. மீளாத மனத்தை நிறுத்துதல் எவர்க்கும் இயலாது.

இத்திருவிழா நாட்களே அதற்கு நல்ல தொடக்கம். தேர் நிலையை விட்டு அசையும்போது அதனைப் படம்பிடிக்க உயர்த்திய கையால் வடத்தைப் பற்ற இயலாது. இவ்விழா முடியும்வரை, கோயில் எல்லைக்குள் இருக்கும் நேரம் முழுதும் கைப்பேசி இல்லத்திலேயே இருக்கட்டும். இல்லம் திரும்பியதும், நாள் முழுதும் பேச ஆளின்றிக் காத்திருக்கும் முதியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்ல வந்ததை முடிவுவரை கேளுங்கள். படிகம் நல்லதைச் சாரட்டும். அதன் நிறம் தானே மாறும்.

திருச்சிற்றம்பலம்.